எடுக்காதே – 2

அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கென்று ஓர் அறை உண்டு. அறைக்குள் சுழல் நாற்காலி உண்டு. அதில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அம்மணி மட்டும் காதில் போனோடு வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருப்பார். செருப்புச் சத்தம் நெருங்கினால் வகுப்புகளில் அமைதி, விலகினால் ஆரவாரம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘போன் டீச்சர்’. பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகள் அநேகமாகத் தவறு செய்வதில்லை.

ஏனென்றால் நியமன ஆணையில் என்னென்னவோ பொறுப்புகள் எழுதியிருந்தாலும் நடைமுறையில் அவருக்கு இருந்த வேலை பெற்றோருக்குப் போன் போடுவதுதான். ஒருவன் வீட்டுப்பாடம் எழுதவில்லையா, போன். ஜன்னல் கண்ணாடி உடைந்ததா, போன். முன்னால் இருப்பவள் சட்டையில் மை கொட்டியதா, உடனே போன். சரி, ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால்? படிக்கட்டுமே, அதற்குத்தானே பள்ளிக்கூடம். அதற்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? இப்படியே ஓர் ஊர் முழுவதையும் தன் குரலைக் கேட்டாலே பதறும்படி அவர் பழக்கி வைத்திருந்தார். அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பகலில் மனைவியின் அழைப்பு வந்தால் அவரும் எடுத்தவுடன், “இப்ப நான் என்ன பண்ணேன்?” என்றுதான் கேட்பார்.

இந்த அம்மணிக்குத்தான் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர ஆசை வந்தது.

ஏழாம் வகுப்பில் நான்கு பிரிவுகள். மார்க் வாங்குகிறவர்கள் ஏ, கொஞ்சம் குறைந்தால் பி, இன்னும் குறைந்தால் சி. வடிகட்டியபின் மிச்சமிருப்பது டி. டி பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட அறை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மோட்டார் கொட்டகையை ஒட்டி இருந்தது. மோட்டார் ஓடும்போது ஆசிரியரின் வாய் அசைவது தெரியும், குரல் வராது. அதனால் அதற்கு ‘மோட்டார் கிளாஸ்’ என்று பெயர். உள்ளே போன பிள்ளை எதுவும் திரும்பி ஏ பிரிவுக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

அம்மணி அந்த வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். ஒருமுறை மோட்டார் பழுதாகி ஒரு வாரம் நின்றுபோனது. பள்ளியில் தண்ணீர் இல்லை, எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கிளாஸில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மிஸ், பின்னத்தைப் பின்னத்தால வகுத்தா ஏன் பெரிசாகுது? வகுத்தா சின்னதாகத்தானே வேணும்?” என்று கேட்டாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அம்மணிக்கு அதுவரை தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் நாலைந்து பேர் வாய் திறந்தார்கள். பிறகு மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். பள்ளியே மகிழ்ந்தது. அம்மணிக்குச் சோறு இறங்கவில்லை.

“மோட்டாரை வேற இடத்துக்கு மாத்திடலாமே” என்றார் தலைமையாசிரியர்.

“மோட்டாரை மாத்தலாம் சார். பேரை எங்க மாத்துறது? மாடிக்குக் கொண்டுபோனாலும் மோட்டார் கிளாஸ்னுதான் சொல்லுவாங்க. டி பிரிவே வேண்டாம். எல்லாரையும் கலந்து மூணு பிரிவா உட்கார வைப்போம்.”

நிர்வாகக் குழு மூன்று மாதம் யோசித்தது. யோசிப்பதில் அதற்கு இணை கிடையாது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டது. பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும். பாதிப் பேருக்கு மேல் வந்து சரி என்று கைதூக்கினால் மாற்றம் உண்டு. இல்லையென்றால் இந்தப் பேச்சை அம்மணி மறுபடி எடுக்கவே கூடாது.

நிபந்தனையைக் கேட்டு நிர்வாகக் குழுவில் ஒருவர் சிரித்தாராம். முந்தைய பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட மேடையில் இருந்த நாற்காலிகள் அதிகம்.

முதல் காரியமாகத் தலைமையாசிரியர் சுற்றறிக்கை எழுதினார். பயிலரங்குகளுக்குப் போய்வருவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. போன இடமெல்லாம் வார்த்தை பொறுக்கி வந்திருந்தார். ‘ஒருங்கிணைந்த பன்முகக் கற்றல் சூழலை நோக்கிய கட்டமைப்பு மறுசீராக்கம்’ என்பது தலைப்பு. உள்ளே போகப் போகத் தலைப்பே தேவலை என்று ஆகிவிடும். பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கப் போகிறோம் என்ற செய்தி அதில் எங்குமே இல்லை. கடைசி வரியில் கூட்டத்தின் தேதி மட்டும் இருந்தது.

“சார், இது யாருக்குப் புரியும்?”

“புரியணும்னு இல்லம்மா. ஒரு மரியாதை வரும்.”

மரியாதை போய்ச் சேர்ந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அம்மணி போனைக் கையில் எடுத்தார். முதல் நாள் அடித்ததில் யாருமே எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வராந்தாவில் நடந்து நடந்து குதிகால் வலித்ததுதான் மிச்சம்.

மாலையில் ரவிக்கை வாங்கத் தையல் கடைக்குப் போனார். தையற்காரம்மாவின் மகன் மோட்டார் கிளாஸில் படிக்கிறான். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்க அம்மணிக்கு வராது. ஓரமாக நின்று பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்தினார். தையல் மெஷின் மேலிருந்த போன் அலறியது. திரையில் பெரிய எழுத்தில் ‘எடுக்காதே 2’ என்று வந்தது. தையற்காரம்மா அதைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் கவிழ்த்து வைத்தார், பிறகு நிமிர்ந்து அம்மணியின் காதிலிருந்த போனைப் பார்த்தார்.

கடையில் கத்தரி ஓடுவதும் நின்றது.

“ஒண்ணாவது யாரும்மா?” என்று கேட்டார் அம்மணி.

“எங்க மாமியார், டீச்சர். நீங்க ரெண்டாவதுதான்” என்றார் தையற்காரம்மா, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல. “தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களாவது எப்பவாச்சும் சாப்பிட்டியான்னு கேப்பாங்க.”

“சுற்றறிக்கை அனுப்பினோமே, படிச்சீங்களா?”

“நல்ல கெட்டித் தாளு டீச்சர். காலர் அளவு வெட்ட வெச்சிருக்கேன்.”

அம்மணி ரவிக்கையை வாங்காமலே வெளியே வந்துவிட்டார். மறுநாள் பிடிவாதமாக மறுபடியும் அடித்தார். ஒருவர் எடுத்தார். பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். அவர் மகள்தான் பின்னத்தைப் பற்றிக் கேட்ட பெண்.

“வணக்கங்க, பள்ளிக்கூடத்திலேர்ந்து பேசுறேன்…”

“ஒரு நிமிஷம் மேடம்” என்றார் அவர். போனைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு தூரத்தில், “ஏய், இங்க வா. என்னடி பண்ணித் தொலைச்ச?” அதற்குப் பிறகு பளார் என்று ஒன்று. பெண் அழவில்லை. “நான் ஒண்ணும் பண்ணலப்பா” என்று மட்டும் கேட்டது. மறுபடி போன் கைக்கு வந்தது. “இனிமே பண்ண மாட்டா மேடம். நான் பார்த்துக்கறேன்.” வைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் போன் போட்டது. அதை அம்மணி சொல்லவே இல்லை. மறுபடி அழைக்கவும் கை வரவில்லை. இன்னொரு முறை மணி அடித்தால் இன்னொரு பளார் விழுமோ என்று பயம். அன்றைக்கு வராந்தாவில் அவர் நடந்த வேகத்தைப் பார்த்து, காவலாளி எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் கணவரிடம் புலம்பினார்.

“நீ கூப்பிட்டாலே கெட்ட சேதின்னு ஆயிடுச்சு. நல்ல சேதியும் சொல்லிப் பாரேன்” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“என்ன நல்ல சேதி?”

“அதை என்கிட்ட கேட்டா? எனக்குப் போன் பண்ணி நீ நல்ல சேதி சொல்லிப் பழக்கமே இல்லையே.”

டிவியைப் பார்த்தபடி சொல்லும் யோசனைகளுக்கு உரிய கதிதான் இந்த யோசனைக்கும் நேர்ந்தது: கேட்க நன்றாக இருந்தது, செய்தபோது கோணிக்கொண்டது. அம்மணி மறுநாளிலிருந்து மோட்டார் கிளாஸ் பெற்றோரை வரிசையாகப் பிடித்தார். எடுக்காதவர்களைக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், மருந்துக் கடை வாசலில் மடக்கினார். “உங்க பையன் நல்லா வரையறான்.” “உங்க பொண்ணு நல்லா கேள்வி கேக்குறா.” எல்லாம் உண்மைதான், ஒன்றும் கட்டிவிட்டதில்லை. கூட்டத்தைப் பற்றியோ டி பிரிவைப் பற்றியோ மூச்சு விடவில்லை. முதலில் மனசு இளகட்டும், விஷயத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு.

ஊர் வேறொரு கணக்குப் போட்டது. இத்தனை வருஷமாகத் திட்டுவதற்கு மட்டுமே வாய் திறந்த பள்ளிக்கூடம் திடீரென்று புகழ்கிறது. அதுவும் மோட்டார் கிளாஸ் பிள்ளைகளை மட்டும். ஏன்? வேலையைவிட்டு அனுப்புவதற்கு முன்னால் முதலாளி தோளில் தட்டிக்கொடுப்பதை ஊரில் பலர் நேரிலேயே அனுபவித்திருந்தார்கள். அந்த அறையின் பெயர்ப் பலகையை வேறு யாரோ கழற்றிவிட்டார்களாம். (பெயின்ட் அடிக்கக் கழற்றியது.) இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள். மோட்டார் கிளாஸை மூடப்போகிறார்கள், பிள்ளைகளுக்கு டிசி கொடுத்து அனுப்பப்போகிறார்கள். தையல் கடையில் இப்படிக் கிளம்பிய செய்தி, கூட்டத்தின் தேதியையும் சேர்த்துக்கொண்டு, சுற்றறிக்கை போகாத வீடுகளுக்கெல்லாம் போனது.

சனிக்கிழமை கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அரங்கம் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பாதியாவது வருவார்களா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த அம்மணி, முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

“பார்த்தீங்களா?” என்று காதோரம் குனிந்தார் தலைமையாசிரியர். “சுற்றறிக்கை வேலை செஞ்சிருக்கு.”

அவர் புரொஜெக்டரைப் போட்டார். திரையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வந்தன. “ஒருங்கிணைந்த பன்முக…” என்று தொடங்கினார்.

“சார், அதெல்லாம் இருக்கட்டும்” என்று தையற்காரம்மா எழுந்தார். “மோட்டார் கிளாஸை மூடுறீங்களா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.”

“அதை அப்படி ஒரு வார்த்தையில அணுகக் கூடாதும்மா. அது ஒரு…”

“மூடுறோம்” என்றார் அம்மணி.

தலைமையாசிரியரின் கை அம்புக்குறிமேல் அப்படியே நின்றது. அரங்கம் கொதித்தது. ‘எங்க பிள்ளைங்க எங்க போகும்’, ‘அதுக்குத்தான் தேன் ஒழுகப் பேசினியா’, ‘கேட்டை மறிடா’ என்று ஆளுக்கொரு பக்கம். அம்மணி மைக்கைக் கையில் எடுத்து மேடையிலிருந்து இறங்கினார். மைக்கின் வயர் நீளம் போதாமல் பாதியில் இழுத்தது. அதை அங்கேயே போட்டுவிட்டுத் தொண்டையால் பேசினார்.

“கிளாஸைத்தான் மூடுறோம். பிள்ளைங்களை அனுப்பல. ஒருத்தருக்கும் டிசி கிடையாது. ஏ, பி, சின்னு மூணு கிளாஸ்லயும் எல்லாரையும் கலந்து உட்கார வைக்கப் போறோம். மார்க் பார்த்துப் பிரிக்கிறது இனிமே இல்லை. இதைச் சொல்லத்தான் அன்னிக்குப் போன் பண்ணேன். சொல்லாம வேற பேசினேன். அது என் தப்பு.”

சத்தம் இறங்கியது. இறங்கிய இடத்தில் டிக்கெட் பரிசோதகர் எழுந்து நின்றார். சீருடையோடு வந்திருந்தார்.

“எனக்கும் பண்ணீங்க. அன்னிக்கு என்ன விஷயமா பண்ணீங்க?”

“இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட.”

“எம் பொண்ணு ஒண்ணும் பண்ணலையா?”

“ஒண்ணும் பண்ணலங்க.”

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். “அதை முதல் வார்த்தையா சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லியிருக்கணும்.”

அவர் உட்கார்ந்தார். 

விஷயம் முடிந்துவிட்டது என்று அம்மணி மூச்சு விடப்போகும் நேரத்தில், முன்வரிசையில் ஒரு பெண்மணி கைப்பையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். வங்கியில் மேலாளர். ஏ பிரிவில் முதல் மார்க் வாங்கும் பெண்ணின் தாய்.

“இவங்க பிரச்சினை தீர்ந்தது, சந்தோஷம். எங்க பிள்ளைங்க? கலந்து உட்கார்ந்தா எங்க பொண்ணு மார்க் குறையாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“ஆய்வுகள் என்ன காட்டுதுன்னா…” என்று தலைமையாசிரியர் மேடையிலிருந்து கைகொடுக்கப் பார்த்தார்.

“முடியாது” என்றார் அம்மணி. “குறையலாம். குறையாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல.”

“தெரியாமலா எங்க பிள்ளைங்களை வெச்சு விளையாடுறீங்க?”

“இப்ப மோட்டார் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்குக் குறையுதுங்கிறது தெரியும். இத்தனை மாசமா நானே எதிர்ல நின்னு பாடம் நடத்துறேன், என் குரல் எனக்கே கேக்கல. இது தெரிஞ்ச விஷயம். மத்தது தெரியாத விஷயம். ஒரு பருவம் விட்டுப் பாருங்க. குறைஞ்சா மறைக்க மாட்டேன்.”

“மறைக்க மாட்டேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. மார்க் அட்டை வந்து நான் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீங்க வந்து சொல்லணும். சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“போன்ல வேண்டாம் டீச்சர்” என்று பின்னாலிருந்து தையற்காரம்மா குரல் கொடுத்தார். “உங்க போன் வந்தா எடுக்கவே பயமா இருக்கு. சாயந்திரம் பிள்ளைங்களைக் கூட்டிப்போக வாசலுக்கு வர்றோம்ல, அங்க நில்லுங்க. நேர்ல கேட்டுக்கறோம்.”

கைகளைத் தூக்கச் சொன்னார்கள். தலைமையாசிரியர் எண்ணினார், நம்பாமல் மறுபடி எண்ணினார். பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. டிக்கெட் பரிசோதகர் தூக்கியிருந்தார். வங்கி மேலாளர் கடைசிவரை யோசித்து, தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கினார். அதைக் கையென்று சேர்ப்பதா வேண்டாமா என்று தலைமையாசிரியர் திணறினார். “சேர்த்துக்கோங்க” என்றார் மேலாளர். “ஒரு பருவத்துக்குத்தான்.”

டி பிரிவு போனது. அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டினார்கள். மாலையானால் அம்மணி வாசலில் நின்றார். முதல் வாரம் ஜனங்கள் அவரைக் கண்டதும் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். பிறகு ஒருவர் வந்து கால்பந்து பயிற்சி என்றைக்கு என்று கேட்டார். இன்னொருவர் தண்ணீர்ப் பாட்டில் தொலைந்ததைப் பற்றிக் கேட்டார். அம்மணிக்குத் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, மறுநாள் கேட்டுவந்து சொல்வார். தையற்காரம்மா தைத்து வைத்திருந்த ரவிக்கையை வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்து, தன் பையன் யார் பக்கத்தில் உட்கார்கிறான் என்பதை விசாரித்துக்கொண்டு போனார்.

பருவத்தேர்வு முடிந்தது. கணக்குத் தாள்களை அம்மணியே திருத்தினார். பின்னம் கேட்ட பெண்ணுக்கு ஏறியிருந்தது. வங்கி மேலாளரின் மகளுக்கு எட்டு மார்க் இறங்கியிருந்தது.

“சொல்லாதீங்க” என்றார் தலைமையாசிரியர். “அட்டை போக இன்னும் நாள் இருக்கு. அந்தம்மா கிளம்பினா ஏ பிரிவுல பாதி பேர் பின்னாடியே கிளம்புவாங்க. அப்புறம் நிர்வாகக் குழு உங்க திட்டத்தைக் குப்பையில போட்டுட்டு, பூட்டின அறையைத் திறந்துடும். அடுத்த தேர்வுல அந்தப் பொண்ணு தானா ஏறிடுவா. என்ன அவசரம்?”

அவர் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாக இருந்தது. அதுதான் தொல்லை. அம்மணி அன்று வராந்தாவில் நடந்தார், மைதானத்தைச் சுற்றி நடந்தார், மணி அடித்ததும் வாசலுக்கு நடந்தார். வங்கி மேலாளர் வருவது தெரிந்தது. 

“உங்க பொண்ணுக்குக் கணக்குல எட்டு மார்க் குறைஞ்சிருக்குங்க.”

மேலாளர் நின்றார். “கலந்து உட்கார வெச்சதாலயா?”

“இருக்கலாம். கடைசி ரெண்டு கணக்கைப் போடவே இல்லை. ஏன்னு கேட்டேன், நேரம் போதலைன்னா. அதுக்கு மேல எனக்குத் தெரியல.”

மேலாளர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அம்மணிக்கு. இரவுச் சாப்பாட்டின்போது கணவர், “ஒரு இடத்துல உட்காரேன், எனக்குத் தலை சுத்துது” என்றார்.

மறுநாள் மாலை வங்கி மேலாளர் தனியாக வரவில்லை. ஏ பிரிவுத் தாய்மார்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். நால்வரும் ஒரே வேகத்தில், ஒரே முகத்தோடு வந்தார்கள். டிசிதான் என்று அம்மணி முடிவு செய்துவிட்டார். மாடி ஜன்னலில் நின்ற தலைமையாசிரியரும் அதையே முடிவு செய்து திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

“இவங்களுக்கு மட்டும் சொன்னீங்களாமே” என்று ஒருத்தி முன்னால் வந்தாள். “எனக்கு ஏன் சொல்லல? எம் பையனுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“உங்க பையனுக்குக் குறையலயே.”

“நிஜமாவா?”

“நிஜமா. ரெண்டு மார்க் கூடத்தான் வாங்கியிருக்கான்.”

அந்தத் தாய் அம்மணியின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் ஆமென்று தலையை அசைத்தார்.

“அப்போ சரி” என்றாள் அவள்.

அடுத்தவளுக்கும் அதற்கடுத்தவளுக்கும் சொல்லி முடித்தபின், மேலாளர் மட்டும் நின்றார். “நேத்து ராத்திரி உட்கார வெச்சுக் கேட்டேன். பக்கத்துல இருக்கிற பொண்ணுக்கு ஒரு கணக்கு விளக்கிச் சொல்லிட்டே இருப்பாளாம், தினமும். தேர்வுலயும் அப்படி ஒவ்வொரு வரியா யோசிச்சுட்டே உட்கார்ந்துட்டாளாம். இது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியல” என்றார் அம்மணி.

“அடுத்த தேர்வு வரைக்கும் இருக்கட்டும். ஏறினாலும் இறங்கினாலும் இதே மாதிரி வந்து சொல்லுங்க.”

அவர் போனபின்னும் அம்மணிக்குக் கால் தரிக்கவில்லை. அடுத்த தேர்வு எப்படி இருக்குமோ என்ற கவலை அதற்குள் தொடங்கிவிட்டது. உள்ளே திரும்ப ஓர் அடி எடுத்து வைத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க டீச்சர்?” என்று பின்னால் ஒரு குரல். டிக்கெட் பரிசோதகர், அவருக்குப் பின்னால் தையற்காரம்மா, அவருக்கும் பின்னால் இன்னும் ஆறேழு பேர். “நாங்க நிக்கிறது தெரியலையா? எம் பொண்ணுக்கு எவ்வளவு?”